சவரி அண்ணன் காதில் பியாட்ரிஸ் அக்கா

எனக்குத் தொண்டை பெரிசு. ஸ்கூல் வேன் ஓட்டுகிறவளுக்கு அது இல்லாமல் ஆகாது. பின்னால் பிள்ளைகளை அடக்க வேண்டும், முன்னால் குறுக்கே விழுகிற மோட்டார்காரனை ஏச வேண்டும். சரளா வாயைத் திறந்தால் கீழ்மாடியில் தூங்குகிற பூனை எழுந்து ஓடும் என்று எங்கள் புந்தோங் பிளாட்டில் பேசிக்கொள்வார்கள். பேசட்டும், எனக்கென்ன? போன வருஷம் ஒரு கட்டத்தில் பக்கத்து வீட்டு சவரிநாதன் அண்ணன் காதுக்குள் போன ஒரே குரல் என்னுடையதுதான். தொண்டை கெட்டுப்போன அவர் மனைவி பியாட்ரிஸ் அக்கா என் காதில் முணுமுணுப்பாள், நான் அதை அவருக்குக் கத்திச் சொல்வேன். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒலிபெருக்கியாக உத்தியோகம் பார்த்தேன். சம்பளம் கிடையாது. வாரத்தில் ஒரு நாள் மீன் குழம்பு வரும்.

சவரி அண்ணன் சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். மீசை முளைத்ததும் தோட்டத்து ஆலையில் ரப்பர் உருட்டுகிற மெஷினில் நிற்க வைத்துவிட்டார்கள். காதில் வைக்க ஒரு பஞ்சுகூடக் கொடுத்தவன் இல்லை. அந்த இரைச்சல் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. அக்கா அங்கே பாலுக்கு ரப்பர் மரம் வெட்டுகிறவள். பாலைக் கொண்டுவந்து ஆலையில் ஊற்றுகிற பெண்களில் அவள் வாய்தான் பெரிய வாய். வாசலில் நின்று "ஓய், வழிய விடு!" என்று ஒரு சத்தம் போட்டால் போதும், மெஷினுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் திரும்பிப் பார்ப்பார்.

"அந்தச் சத்தத்துக்கு மேல எனக்குக் கேட்ட ஒரே கொரலு அவளோடதுதான்லா. அதான் கட்டிக்கிட்டேன்" என்பார் அண்ணன்.

தோட்டத்தை விற்றார்கள். ரப்பரைச் சாய்த்துவிட்டு எண்ணெய்ப்பனை நட்டார்கள். இவர்கள் ஈப்போவுக்கு வந்தார்கள். அண்ணன் ஒரு கிடங்கில் ராக்காவலுக்கு ஜாகா வேலை பார்த்தார், அக்கா ஒரு கேண்டீனில் பாத்திரம் தேய்த்தாள். ஒரே மகள் விவியன். அவளைப் படிக்க வைத்தார்கள், இப்போது ஜொகூரில் வேலை. அண்ணனுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு காது மெஷின் கொடுத்தார்கள். அது கீச்சுக்கீச்சென்று கத்துகிறது என்று அலமாரியில் போட்டுவிட்டார். அக்காவின் தொண்டைதான் இருந்ததே, மெஷின் எதற்கு? ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவள் பாட்டு ஆரம்பித்தால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அண்ணனும் வாயசைப்பார்.

அக்காவிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றுண்டு. அவள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள். "விவியன் அப்பா", "இந்த மனுசன்", இல்லையென்றால் "ஓய்". கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி "புருஷன் பேர் என்ன?" என்று கேட்டால் என் விலாவில் இடிப்பாள், நான் சொல்ல வேண்டும். மன்றாட்டு மாலையில் புனிதர்கள் பேரை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருவாளா, புருஷன் பேருக்குரிய சவேரியார் வந்ததும் வாயை மூடிக்கொள்வாள். பக்கத்தில் இருப்பவர் சொல்லி முடித்ததும், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று ஒட்டிக்கொள்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் வீட்டுக்காரர் விக்னேஸ்வரனை நான் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன், பாதி நேரம் திட்டுவதற்கு.

"என்னாக்கா, பேரச் சொன்னா தாலி அந்துருமா?" என்று ஒரு நாள் கேட்டேன். அக்கா என் வாயில் ஒன்று போட்டாள்.

போன வருஷம் அவளுக்குத் தொண்டை கட்டியது. சளி என்று நினைத்தாள், கசாயம் குடித்தாள். குரல் கரகரத்தது, பிறகு வெறும் காற்றாகிவிட்டது. பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் கட்டி என்றார்கள். ஆபரேஷன் செய்தால் உயிருக்குப் பயமில்லை, ஆனால் குரல் பெட்டியையே எடுக்க வேண்டும், பழைய குரலில் இனிப் பேச முடியாது என்று டாக்டர் சொன்னார். அதை அண்ணனுக்கு யார் சொல்வது? இந்தத் தொண்டைதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, "அண்ணே, அக்காவுக்கு இனிமே பேச்சு வராதாம்!" என்று கத்தினேன். பாவி, அப்படி ஒரு சேதியைக் கத்தவா எனக்கு இந்தத் தொண்டையைக் கொடுத்தான் கடவுள்? அண்ணன் அக்காவின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

விஷயம் தெரிந்ததும் விவியன் ஹெட்போன் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். வெள்ளை நிறம், பளபளவென்று, வயர் இல்லாதது. அக்காவின் கைப்பேசியில் என்னவோ ஒரு ஆப்பையும் ஏற்றினாள். அக்கா கைப்பேசியை வாய்க்குக் கிட்டே வைத்து முணுமுணுத்தால் அது அண்ணன் காதில் கணீரென்று விழும். முதல் முறை கேட்டபோது மனுஷன் எழுந்தே நின்றுவிட்டார்.

"சிவப்புப் பொட்டு எரிஞ்சா சார்ஜ் ஏறுதுன்னு அர்த்தம்பா. சிவப்பு அணைஞ்சாதான் ஃபுல். ஏறிக்கிட்டு இருக்கறப்ப பேச முடியாது" என்று விவியன் பாடம் எடுத்துவிட்டுப் போனாள்.

அண்ணனுக்கு எங்கே பொறுமை? ஒரு நாள் சிவப்பு எரியும்போதே பிடுங்கி மாட்டிக்கொண்டார். அக்கா நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்றை மெல்ல மெல்ல எடுத்துச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். பாதியில் ஹெட்போன் செத்துப்போனது. இன்னொரு முறை சொல்ல அவளுக்குத் தெம்பில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அண்ணன் சிவப்பு அணையாமல் அதைத் தொடுவதில்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மறுநாள் காலை அக்காவை ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், என் வேனில்தான் போவதாகப் பேச்சு. சாயங்காலம் மழை பிடித்திருந்தது. எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று கேட்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். இரண்டு பேரும் பீடத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னாண்ணே, பஸ்ஸுக்கா காத்துக்கிட்டு இருக்கீங்க?" என்று கத்தினேன்.

"ஹெட்போன் இன்னும் நெறையலலா சரளா. கோயில்லேருந்து வந்ததும் போட்டது. சிவப்பு அணைய மாட்டேங்குது."

அவர்கள் வீட்டுப் பீடம் ஒரு மரப்பெட்டி மாதிரி இருக்கும். உள்ளே திரு இருதய ஆண்டவர் படம், படத்துக்கு முன்னால் ஒரு சின்னச் சிவப்பு பல்பு. இரவும் பகலும் எரியும், அணைத்து நான் பார்த்ததில்லை. அந்த வீட்டில் பெரிய காரியம் எதுவானாலும் அதற்குரிய சாமான் முதல் நாள் பீடத்துக்கு வந்துவிடும். விவியன் பரீட்சை எழுதிய பேனா வந்தது, அண்ணன் ஜாகா வேலைக்குப் போட்டுக்கொண்டு போன சட்டை வந்தது. நான் வேன் வாங்கியபோது என் சாவியைக்கூட அக்கா பிடுங்கிக்கொண்டு போய் அங்கே வைத்தாள். அதே வழக்கப்படிதான் அன்றைக்கு ஹெட்போன் வந்திருந்தது. மற்ற நாளில் அடுப்படியில் குக்கருக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏறுவது, அன்றைக்கு ஒரு நீள வயரில் தொங்கிக்கொண்டு ஆண்டவர் காலடியில் கிடந்தது.

"கழட்டி மாட்டித்தான் பாருங்களேன்!"

"வேணாம்லா. போன தடவ மாதிரி பாதியில செத்துப்போச்சுன்னா?" என்றார் அண்ணன். "நாளைக்கு அப்புறம் ஏது?"

விவியனுக்குப் போன் அடித்தேன். அவள் ஜொகூரிலிருந்து வருகிற பஸ்ஸில் இருந்தாள், லைன் விட்டு விட்டு வந்தது. "வயரு கெட்டுப்போச்சோ என்னமோ ஆண்ட்டி" என்றது மட்டும் காதில் விழுந்தது. நல்ல ஆறுதல் போ!

"எழுதிக் காட்டலாமேக்கா" என்றேன்.

அக்கா என்னை இழுத்துக் காதில் காற்றாகச் சொன்னாள். "எழுதி எழுதி அரிசி வாங்கலாம், பருப்பு வாங்கலாம். இந்த மனுசன எழுதியா ஏச முடியும்?"

"அப்ப என்கிட்டச் சொல்லு. நான் கத்திச் சொல்றேன், எப்பவும் போல."

அக்கா தலையை ஆட்டினாள். என் கன்னத்தைத் தொட்டாள். "இது உன் வாயில வர்ற பேச்சு இல்லடி."

சொல்லிவிட்டுக் கையில் இருந்த கைப்பேசியைத் தடவிக்கொண்டே பீடத்தைப் பார்த்தாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு அந்த ஹெட்போன் மேல் வந்ததே ஒரு கோபம்! அன்றைக்குப் பார்த்தா அதற்குக் கொழுப்பெடுக்க வேண்டும்? நாலு கேள்வி கேட்கிறவள் மாதிரி விடுவிடுவென்று போய்ப் பீடத்துக்குள் தலையை விட்டுக் குனிந்தேன்.

சிவப்பைக் காணோம்.

நிமிர்ந்தேன். சிவப்பு எரிந்தது. மறுபடி குனிந்தேன், போய்விட்டது. நிமிர்ந்தேன், வந்துவிட்டது.

"என்னாலா பண்றே, தோப்புக்கரணமா?" என்றார் அண்ணன்.

"சும்மா இருங்கண்ணே! இது என்னயப் பாத்தா அணையுது!"

இன்னொரு முறை மெதுவாகக் குனிந்து பார்த்தபோதுதான் என் மரமண்டைக்குப் புரிந்தது. என் தலை அந்தச் சிவப்பு பல்பை மறைக்கிறது. அந்தப் பெட்டிக்குள் ஹெட்போன் முழுக்கவே சிவந்துதான் கிடந்தது. அதில் அந்தக் கண்ணாடிப் பொட்டு மட்டும் எப்படி வெள்ளையாக இருக்கும்?

பல்பை அணைக்கலாம் என்று கையை நீட்டினேன், பிறகு இழுத்துக்கொண்டேன். அவர்கள் சாமி விளக்கு, அதுவும் ஆபரேஷனுக்கு முதல் நாள். "அக்கா, நீ வா. வந்து இந்த பல்ப கையால மறை" என்றேன். அக்கா எழுந்து வந்தாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, பல்பைச் சுற்றி உள்ளங்கையைக் குவித்தாள். அண்ணனும் நானும் தலையோடு தலை முட்ட எட்டிப் பார்த்தோம். வயர் சொருகினபடியே இருந்தது. பொட்டில் வெளிச்சமே இல்லை.

"ஃபுல்லுண்ணே!" என்று கத்தினேன். "எப்பவோ ஃபுல்லு! சாமி பல்பு வெளிச்சத்தப் பாத்துக்கிட்டுச் சாயங்காலம் பூரா உக்காந்திருக்கீங்க ரெண்டு பேரும்!"

அக்கா சத்தமே வராமல் சிரித்தாள், தோள் மட்டும் குலுங்கியது. அண்ணன் வயரைப் பிடுங்கினார். ஹெட்போனைத் தலையில் கோணலாக மாட்டினார், அக்கா அதை நேராக்கிவிட்டாள். அதற்கு மேல் எனக்கு அங்கே என்ன வேலை? நாளைக்கு எத்தனை மணி என்று கேட்க வந்ததை மறந்துவிட்டு என் வீட்டுக்கு வந்தேன்.

காது கேட்காத மனுஷன் காதையும் மூடிக்கொண்டால் என்ன ஆகும்? தான் பேசுவது மெதுவா சத்தமா என்று அவருக்கே தெரியாது. எங்கள் பிளாட்டுச் சுவரோ அட்டை. நான் அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். சத்தியமாக ஒட்டுக் கேட்கவில்லை. அக்கா சொன்னது ஒரு சொல்கூடக் கேட்கவில்லை, அண்ணன் சொன்னதெல்லாம் மாடி முழுக்கக் கேட்டது.

"கேக்குது. நல்லா கேக்குது. மெதுவாவே பேசு, தொண்ட வலிக்கப் போவுது."

கொஞ்சம் இடைவெளி.

"தெரியும்லா. மாத்திர காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. நான் என்னா சின்னப் புள்ளயா?"

"யாரு? மண்டோர் மவளா? அடியே, அவள நான் ஏறெடுத்துக்கூடப் பாக்கல. இன்னுமா நீ அத மறக்கல!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாளைக்கு ஆபரேஷனை வைத்துக்கொண்டு, தோட்டத்தில் வேலை வாங்கின மண்டோரின் மகள் கணக்கா! விக்னேஸ்வரன் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"நானா? நான் அழுவல. நீ பேசு."

பிறகு பேச்சையே காணோம். மழை மட்டும் பெய்தது. ஹெட்போன் மறுபடி செத்துவிட்டதோ என்று எனக்குப் பகீரென்றது. கத்தியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவர்கள் கம்பிக் கதவண்டை நின்றேன்.

சாகவில்லை. இரண்டு பேரும் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். அக்கா கைப்பேசியை உதட்டோடு ஒட்டிப் பிடித்திருந்தாள். முகம் கல்யாணப் பெண் மாதிரி குனிந்திருந்தது. உதடு ஒரு முறை அசைந்தது, ஒரே ஒரு சொல்தான்.

அண்ணன் இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"என்னா சொன்னே?" என்றார். "என் பேரா? என் பேரயா சொன்னே?"

அக்கா தலையை ஆட்டினாள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அண்ணன் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் கன்னத்தில் கண்ணீர் ஓடியது, துடைத்துக்கொள்ளக் கையை எடுக்கவில்லை.

"சார்ஜு நெறைய இருக்குலா" என்றார். "இன்னொரு தடவ சொல்லு."