முதல் டம்ளர்

கோழிப்பண்ணைகளுக்கு மருந்து விற்கிறவன் நான். நாமக்கல்லைச் சுற்றி நான் ஏறி இறங்காத பண்ணை குறைவு. முதலாளி அறையில் ‘நாம் ஒரே குடும்பம்’ என்று எழுதி மாட்டியிருப்பதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் குடும்பங்களில் யாரும் வாய் திறந்து பேசி நான் பார்த்ததில்லை. சத்யபிரியா மேனேஜராக இருந்த பண்ணையில் சுவரில் காலண்டரைத் தவிர ஒன்றும் கிடையாது. அங்கே வேறொன்று இருந்தது.

காலையில் தீவனம் போட்டு முடித்ததும் எல்லோரும் வேப்பமரத்தடிக்கு டீ குடிக்க வருவார்கள். ஊற்றுவதற்கு முன் சத்யபிரியா கேட்பார்: “கெட்ட சேதி யாருகிட்டங்க இருக்குது?” சொல்கிறவருக்குத்தான் முதல் டம்ளர். தண்ணீர்க் குழாய் அடைத்தது, மருந்து கலக்க மறந்தது, கோழி செத்தது, எதுவானாலும் திட்டு கிடையாது. முதலாளி ஜெகதீஸ்வரன் கேட்டால், ‘என்னுடைய கவனக்குறைவு’ என்று சத்யபிரியா பழியைத் தானே வாங்கிக்கொள்வார்.

இதற்குக் காரணம் சத்யபிரியாவின் அப்பா. திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் வண்டியில் வெளிமாநிலம் போனவர், காற்றுக் குழாய் வெடித்து ஒரு கண்ணோடு திரும்பி வந்தார். குழாய் பிய்ந்திருந்ததை அவரோடு வேலை செய்த ஒருவர் முன்பே பார்த்திருக்கிறார். திட்டுக்குப் பயந்து சொல்லவில்லை. இதை என்னிடம் சொன்னபோது சத்யபிரியாவுக்கு அந்த ஆள் மேல் கோபமில்லை. அவரை அப்படிப் பயப்பட வைத்தவர்கள் மேல்தான் கோபம்.

ஆரம்பத்தில் மாதக்கணக்காக சத்யபிரியா ஒருவர்தான் தன் தப்பைச் சொல்லி, தானே முதல் டம்ளரைக் குடித்தார். ஏதோ தப்பு செய்தவரைப் பிடிக்கிற தந்திரம் என்று மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் வாய் திறந்தவர் மூன்றாவது ஷெட் சின்னுசாமி. வயதில் மூத்தவர், பேச்சே குறைவு. அடுத்த வருடம் சுற்றுவட்டாரப் பண்ணைகளையெல்லாம் வெள்ளைக்கழிச்சல் நோய் துடைத்துப் போட்டது. இந்தப் பண்ணை மட்டும் தப்பியது. அந்த நோயின் அடையாளமாக ஒரு கோழியின் கழுத்து திருகியிருப்பதைச் சின்னுசாமி பார்த்த அன்றைக்கே சொன்னதுதான் காரணம்.

போன கோடையில் முட்டை கொள்முதல் பேச வெளியூர் ஆட்களை முதலாளி கூட்டி வந்தார். ஏற்கெனவே வெயிலில் கோழிகள் செத்து, சத்யபிரியா தூக்கமில்லாமல் இருந்தார். அந்த நேரம் பார்த்துச் சின்னுசாமி வந்து, மூன்றாவது ஷெட்டில் ஒரு பக்கம் தண்ணீர் வரவில்லை என்றார்.

“இதச் சொல்றதுக்கு நேரங்காலம் தெரியாதுங்களாண்ணா? வாய மூடிட்டுப் போங்க.”

அவ்வளவுதான். முதலாளி சிரித்தார். வந்தவர்களும் சிரித்தார்கள். வேலையாட்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் சத்யபிரியா ஷெட்டுக்குப் பின்னால் போய்ச் சின்னுசாமியிடம் மன்னிப்புக் கேட்டார். அவரும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டார். திட்டியது எல்லோர் காதிலும் விழுந்தது, மன்னிப்பு ஒருவர் காதில் மட்டும்தான். இது எனக்கே பிறகுதான் உறைத்தது.

அதற்கப்புறம் கெட்ட சேதி நின்றுபோயிற்று. நான் போன காலைகளிலெல்லாம் சத்யபிரியா கேட்பார். ஒன்றுமில்லைங்க என்று பதில் வரும். டீ வரிசைப்படி போகும். ஒன்றுமே கெட்டுப்போகாத கோழிப்பண்ணை இந்த ஜில்லாவில் கிடையாது. எருக்குவியலுக்குப் பின்னால் காக்கைகள் அதிகமாகிக்கொண்டே வந்தன. பண்ணை நாய் வாயில் வெள்ளை இறகோடு திரிந்தது. ஷெட்டுகளின் இரைச்சல்கூடக் குறைந்திருந்தது. நோய் ஒரு ஷெட்டில் இருக்கும்போதே தெரிந்தால் தடுக்கலாம். மற்ற ஷெட்டுகளுக்குத் தாண்டிவிட்டால் பண்ணை போயிற்று. அங்கேயே குடியிருக்கிற குடும்பங்களும் மூட்டை கட்டவேண்டியதுதான். இது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

“ஏதோ இருக்குதுங்க. என்கிட்டச் சொல்ல மாட்டேங்கறாங்க,” என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

மறுநாள் காலை அவரே நாயின் பின்னால் போனார். நானும் போனேன். எருவுக்குப் பின்னால் மண் புதிதாகக் கிளறியிருந்தது. காலால் தள்ளியதும் இறகு தெரிந்தது, அதன் கீழ் திருகிய கழுத்து. மூன்றாவது ஷெட் அந்தப் பக்கம்தான். சத்யபிரியா நேராக வேப்பமரத்தடிக்கு வந்தார். எல்லோரும் கூடும்வரை காத்திருந்து, தானே முதல் டம்ளரை ஊற்றிச் சின்னுசாமியிடம் நீட்டினார்.

“அன்னைக்கு இத்தன பேரு முன்னால உங்கள வாய மூடச் சொன்னது என் தப்புங்கண்ணா. அதான் இத்தன பேரு முன்னாலயே சொல்றேன். மூணாவது ஷெட்டுல எப்பயிருந்துங்க?”

சின்னுசாமி டம்ளரை வாங்கவில்லை. பக்கத்தில் நின்றவர்களை ஒருமுறை பார்த்தார். ஒருவரும் தலை நிமிரவில்லை.

“மூணாவதுல மட்டும் இல்லீங்க அம்மிணி,” என்றார்.

முதல் ஷெட்டுக்காரர் இருமிக்கொண்டு முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் இரண்டாவது ஷெட்டைப் பார்த்துக்கொள்கிற அம்மா. அதற்கும் பின்னால் இன்னும் ஆட்கள். எல்லோருமே செத்த கோழிகளை அவரவர் பக்கத்தில் தனித்தனியாகக் குழி தோண்டிப் புதைத்திருக்கிறார்கள். ஊற்றிய டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அதை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் சத்யபிரியா நின்றார்.