முன்னாள் ஆக முடியாத தலைவர்

போன ஞாயிற்றுக்கிழமை பரணைச் சுத்தம் செய்த என் மனைவி, பச்சை பிடித்த பித்தளை மணியோடு இறங்கி வந்தாள். "இது எந்தக் கோயில்ல சுட்டது? வாசல்ல பழைய சாமான்காரர் நிக்கிறாரு, போட்டுடவா?" மணி லேசாகக் கிணுங்கியது. கூடவே சமூசாவும் மீன் சாஸும் கலந்த ஒரு வாசனை எங்கிருந்தோ வந்தது. மூக்குக்கு இருக்கிற ஞாபகசக்தி தலைக்கு இருந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

தொண்ணூறுகளில், பழைய சைகோனான ஹோசிமின் நகரத்தில் தலைவலி மாத்திரை விற்றேன். கம்பெனிக்கு நான் எழுதிய அறிக்கைகளின்படி விற்றேன். உண்மையில் மழைக்கு ஒதுங்கிய நேரமே அதிகம். அப்படித்தான் ஒருநாள், த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயில் பக்கத்துச் சந்தில் ஒதுங்கினேன். கைலியும் பிரெஞ்சுத் தொப்பியுமாக ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"பொன்ஷூர். தமிழா?"

"ஆமாங்க பாய்."

"என்னா விக்கிறீங்க?"

"தலைவலி மாத்திரை."

"அப்ப வியாபாரிதான். உள்ள வாங்க, கூட்டம் இருக்கு."

காரைக்கால் காசிம் மரைக்காயர், சைகோன் தமிழ் வியாபாரிகள் சங்கத் தலைவர். எழுபத்தைந்தில் ஆட்சி மாறியதும் உறுப்பினர்கள் பிரான்சுக்கும் ஊருக்குமாகக் கிளம்பிவிட்டார்கள். வியட்நாமிய மனைவி லான் வரமாட்டேன் என்றதால் இவர் தங்கிவிட்டார். கிளம்பிய அவசரத்தில் இவருடைய ராஜினாமாவை ஏற்றுக்கொள்ள யாருக்கும் நேரமில்லை. ஏற்பதென்றால் பொதுக்குழுவில் ஐந்து பேர் வேண்டும். அன்றிலிருந்து அவர், லான், தமிழ் தெரியாத மகன், கோயிலைப் பார்த்துக்கொண்ட உலகப்பன் செட்டியார் என்று நாலு தலைதான்.

"அரசாங்கமே சங்கத்தைக் கலைச்சிடலையா பாய்?"

"அவுங்க எடுத்துக்கிட்டது கட்டடத்த. சங்கத்தக் கலைக்கணும்னா பொதுக்குழு கூடணும்ல?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நெஞ்சு ரெண்டு தடவ காட்டிடிச்சு தம்பி. தலைவராவே மவுத்தானேன்னு வைங்க, சங்கமும் என்னோட கபுருக்குள்ள போயிடும். முன்னாள் தலைவரா போனா, பின்னால சங்கம் இருக்குன்னுதானே அர்த்தம்?"

மாத்திரைப் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

கூடத்தின் நடுவே மகனுடைய மோட்டார் சைக்கிள், சுற்றிலும் பொதுக்குழு. மரைக்காயர் மணி அடித்தார். செட்டியார் உடனே எழுந்தார்: "ஆச்சியக் கணக்குல சேக்க விதியில எடமிருக்கா?"

சமூசாத் தட்டை வைத்துக்கொண்டிருந்த லானுக்குக் கொஞ்சம்தான் தமிழ் தெரியும். அது போதுமானதாக இருந்தது. "சும்மா இருங்க செட்டியாரே!" அசல் காரைக்கால். விதியில் இடம் கிடைத்துவிட்டது.

ராஜினாமா ஏற்கப்பட்டது. அடுத்த தலைவர்? "எனக்கு மாரியாத்தா வேலையே தலைக்கு மேல கெடக்கு" என்றார் செட்டியார். நான் சமூசாவை மீன் சாஸில் தோய்த்து வாயில் போட்டிருந்தேன். அதை விழுங்கிவிட்டு மறுப்பதற்குள் எல்லாக் கைகளும் உயர்ந்து, மரைக்காயர் மணியை அடித்து என் கையிலும் கொடுத்துவிட்டார். எங்கள் தெருப் பிள்ளையார் கமிட்டிகூட என்னைச் சுண்டலுக்கு அப்பால் நம்பியதில்லை.

அதற்குப் பிறகு மரைக்காயர் பத்து வயது குறைந்தவர்போல நடமாடினார். காப்பிக் கடையில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் "முன்னாள் பிரெசிதான்" என்று பிரெஞ்சில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள, அவர் பதறி எழுந்து கைகுலுக்கினார்.

"நாட்டுக்கே ஜனாதிபதியா இருந்தீங்கன்னு நெனச்சிட்டாரு பாய்!"

"நெனச்சிட்டுப் போவட்டும். மரியாதைக்கு எந்திரிச்ச மனுசன உக்காருன்னா சொல்றது?"

அடுத்த மழைக்காலத்தில், நனைந்துகொண்டே செட்டியார் என் அறைக்கு வந்தார். "தலைவரே, நம்ம முன்னாள் தலைவரு போயிட்டாக." என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. பள்ளிவாசலில் எனக்கு முன்வரிசையில் இடம் விட்டார்கள். எதற்கென்று எனக்குத் தெரியும். நேராக நிற்க முயன்றேன்.

பிறகு கம்பெனி என் அறிக்கைகளைப் படிக்க ஆரம்பித்து, என்னைத் திரும்ப அழைத்துக்கொண்டது. செட்டியாரும் காலமானார். லானும் மகனும் எங்கே என்று தெரியவில்லை. சமீபத்தில் போனபோது மாரியம்மன் இருந்தாள், வியட்நாமியர்கள் ஊதுவத்தியோடு வரிசையில் நின்றார்கள். சந்து வீட்டில் செல்போன் உறை விற்கிறார்கள்.

"என்ன, போட்டுடவா?" என்றாள் மனைவி.

"சங்கத்துச் சொத்து. பொதுக்குழு கூடாம முடியாது."

"எத்தனை பேரு வேணும்?"

"அஞ்சு."

அவள் விரலை மடக்கினாள். "நீங்க, நான், அமெரிக்காவுல பையன், வாசல்ல சாமான்காரரு..." அடுத்த விரலுக்கு ஆள் கிடைக்காமல் தெருவை எட்டிப் பார்த்தாள். அப்புறம் பெருமூச்சோடு மணியைத் துடைத்துப் பரணுக்கே ஏற்றினாள்.