பதினேழு உருப்படியும் ஒரு வாழைத்தாரும்

எங்கள் வீட்டு வாசலில் ஒரு வண்டிக்குத்தான் இடம். சிம்மக்கல் சந்துகளில் அதுவே பெரிய விஷயம். பல வருடங்களாக அந்த இடத்தில் அப்பாவின் மளிகை மொத்தக்கடை லோடு வண்டி நின்றுகொண்டிருந்தது. நான் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிக்கொண்டு வந்து அங்கே நிறுத்திய நாளிலிருந்து லோடு வண்டி தெருவுக்குப் போய்விட்டது. முதல் வாரம் டவுன் பஸ் உரசி அதன் வலதுபக்கக் கண்ணாடி போனது. அடுத்த வாரம் இடதுபக்கமும் போனது.

என் கார் ரொம்பச் சின்னது. இரண்டே இருக்கை, பைபர் உடம்பு, மடக்கி வைக்கிற துணிக்கூரை. டிக்கியைத் திறந்தால் பாதி இடத்தில் ஸ்டெப்னி படுத்திருக்கும். மிச்ச இடம் ஒரு பள்ளிக்கூடப் பைக்கு. ஆனால் அது கிளம்பும்போது வரும் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டுத்தான் நான் விழுந்தேன். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவளுக்கு நாளெல்லாம் மின்விசிறிச் சத்தம்தான் கதி.

அப்பா கத்துகிற ஆள் இல்லை. தினமும் காலையில் கடைக்குக் கிளம்பும்போது வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து ஒரே கேள்வியைக் கேட்பார்.

"இதுல என்ன ஏத்தலாம்?"

"ரெண்டு பேரு ஏறலாம்ப்பா."

"ஆளு ஏறுறதுக்குத்தான் பஸ்ஸு இருக்கே. சாமான் என்ன ஏத்தலாம்னு கேட்டேன்."

ஒருநாள் நான் பொறுமை இழந்து, வெளியூரில் ஒரு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்குவதற்கு வேண்டிய சாமான் அத்தனையும் இதில் ஏறும் என்று சொல்லிவிட்டேன். வாய்தான் சொன்னது, புத்தி இல்லை. அப்பா பேனாவைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு நின்றார்.

"சரி. ஏத்திட்டுப் போ. போற சாமான் அம்புட்டும் இதுலயே போகணும், இதுலயே திரும்பி வரணும். ஒரே ஒரு உருப்படி வேற வண்டியில வந்துச்சுன்னாலும் இதை வித்துரணும். எல்லாம் வந்துருச்சுன்னா வாசல் உனக்கு. லோடு வண்டிக்கு நான் வேற எடம் பாத்துக்கிறேன்."

"சரிப்பா" என்றேன்.

கூட வருவதாக மதினி சொன்னாள். என் அண்ணன் மனைவி, என்னைவிட மூன்று வயது மூத்தவள், கல்லூரியில் வேதியியல் நடத்துகிறாள். அவள் பிறந்த ஊர் சோழவந்தான் பக்கம். அங்கே கண்மாய்க் கரையை ஒட்டி அவள் அப்பாவுக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. "எங்க தோப்புலயே போட்டுக்கிறலாம். ஆனா வீட்டுக்குச் சொல்லக் கூடாது. சொன்னோம்னா பாயை விரிச்சு வீட்டுக்குள்ள படுக்கச் சொல்லிருவாக. டென்ட்ல எங்கிட்டுப் படுக்குறது?"

சனிக்கிழமை மதியம் சாமான்களை வாசலில் பரப்பினோம். டென்ட், அதன் கம்பிகள், ஆணிப் பை, இரண்டு மடக்கு நாற்காலி, ஜமுக்காளம், போர்வைகள், சின்ன சிலிண்டர் அடுப்பு, பாத்திரம், தண்ணீர் கேன், அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரைத் தூக்கு, கொசுவத்தி, மதினியின் தலையணை. தலையணை இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது. அப்பா ஒரு அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து ஒவ்வொன்றாக எழுதினார். டார்ச், தீப்பெட்டி மாதிரிச் சில்லறையும் சேர்த்து மொத்தம் பதினேழு உருப்படி.

நான் சும்மா இருக்கவில்லை. முந்தின நாளே டேப் வைத்து டிக்கியை அளந்து, லேப்டாப்பில் படம் போட்டு, எது எங்கே என்று நிறம் நிறமாகக் குறித்து வைத்திருந்தேன். படத்தில் எல்லாம் ஏறியது, ஒரு சாண் இடம் மிச்சம்கூட இருந்தது. வண்டியில் எட்டு உருப்படிக்கு மேல் ஏறவில்லை. டென்ட் பை உருண்டையாக விறைத்துக்கொண்டு நின்றது. எப்படித் திருப்பினாலும் டிக்கி மூடி அதன் மேல் உட்கார்ந்துகொண்டது.

அப்பா சைக்கிள் கேரியரில் சாய்ந்துகொண்டு, அட்டையை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்தார்.

மதினி சேலையை இழுத்துச் செருகினாள். "ஏ பாப்பா, பையை எதுக்கு ஏத்துற? உள்ள இருக்குறதை ஏத்து."

"பை இல்லாம எப்படி மதினி?"

"துணிக்கு எதுக்குச் சட்டை?"

ஆணிப் பையைத் தவிர எல்லாப் பைகளையும் உருவிப் போட்டாள். டென்ட்டைச் சுருட்டாமல் கொசகொசவென்று அப்படியே டிக்கி மூலையில் அமுக்கினாள். போர்வையைப் பாத்திரத்துக்குள் திணித்தாள். கம்பிகளும் நாற்காலிகளும் அவள் கால் பக்கம் போயின. இருக்கைக்குப் பின்னால் இருந்த மேடையில் ஜமுக்காளம், தலையணை. துணிக்கூரையை மடக்கினால் அந்த மேடையில்தான் வந்து உட்காரும், ஆனால் கூரையை நாங்கள் மடக்கப் போவதில்லையே. ஒரு மணி நேரத்தில் பதினேழும் ஏறிவிட்டது. அப்பா எண்ணிப் பார்த்து, "போறதுல என்ன இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அதை அப்போது நான் யோசிக்கவே இல்லை.

கோச்சடையைத் தாண்டி மேலக்கால் ரோட்டில் விழுந்ததும் வண்டிக்கும் எனக்கும் சேர்ந்து மூச்சு வந்தது. இடதுபக்கம் நாகமலை கூடவே வந்தது. வலதுபக்கம் நெல்லும் வாழையும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் மதினி மடியிலிருந்த தூக்கு ஒரு தட்டுத் தட்டியது. "உங்கப்பா லோடு வண்டிகூட இப்படிக் குலுங்காதுடி" என்றாள். ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

தோப்பில் எல்லாம் நன்றாகவே நடந்தது. டென்ட் இரண்டாவது தடவையில் நின்றது. கண்மாய்த் தண்ணீரில் வெயில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே புளியோதரை சாப்பிட்டோம். ஒரே ஒரு தவறுதான். பொழுது சாயும்போது பக்கத்து வயலுக்கு மோட்டார் போட வந்தவர் மதினியைப் பார்த்து, "என்னத்தா, எப்ப வந்தே?" என்று கேட்டுவிட்டுப் போனார். மதினி முகம் மாறியது. "போச்சு" என்றாள்.

விடியும்போது டென்ட்டுக்கு வெளியே வளையல் சத்தம். ஜிப்பைத் திறந்தால் மதினியின் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"ஏண்டி, சொந்தத் தோப்புல வந்து கூடாரம் போட்டுப் படுத்திருக்கியே, உன்னைய நாங்க வீட்டை விட்டா வெரட்டுனோம்? ஊரே கேக்குது."

"அதில்லைம்மா, இது ஒரு இது…"

"என்னத்த இது? கொசுக்கடியில கெடக்குறது ஒரு இதா?" என்னைப் பார்த்ததும் குரல் தணிந்தது. "நீ வா தாயி, பல்லை வெளக்கிட்டு இட்லி சாப்பிடு. அவ கெடக்குறா."

பின்னாலேயே மதினியின் அப்பா வந்தார். அவர் தோளில் ஒரு வாழைத்தார். சின்னத் தார் இல்லை, என் இடுப்பு உயரம். கூடவே ஒரு சாக்கில் பத்துத் தேங்காய். ஒரு டின் முறுக்கு வேறு.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. போகிற சாமானுக்கு அளந்தேன், படம் போட்டேன். எங்கள் பக்கத்தில் பிறந்த வீட்டுக்குப் போன பெண் வெறுங்கையோடு திரும்பியதாகச் சரித்திரமே இல்லை என்பதை மறந்தேன். போகும்போது இருக்கிற சுமையைவிட வரும்போது இருக்கிற சுமை எப்போதும் அதிகம். இதைத்தான் அப்பா ஒரே வரியில் சொன்னார்.

"அத்தை, வண்டியில எடமில்லை" என்றேன் மெதுவாக.

"எடமில்லைன்னா? பொண்ணைக் கொண்டு போக எடம் இருக்குல்ல?"

"தாரை சீப்புச் சீப்பா அறுத்துக்கிறலாமா?"

அத்தை என்னைப் பார்த்த பார்வையை மறக்கவே முடியாது. "சீப்பாக் கொண்டு போனா கடையில வாங்குனதும்பாக. சம்பந்தி வீட்டு வாசல்ல முழுத்தாரா எறங்கணும்."

மதினி என்னைத் தனியே இழுத்தாள். "வேண்டாம்னு சொன்னா எங்கம்மா ஒரு மாசம் பேசாது. பஸ்ல அனுப்பிவிட்டா உங்கப்பா வண்டியை வித்துருவாரு. ஏத்திப் பாத்துருவோம்."

கூரை மூடியிருந்தால் தார் நிற்காது. கூரையை மடக்கினால் பின்மேடை போய்விடும். மடக்கினோம். பிறகு ஜமுக்காளம், தலையணை, போர்வை எல்லாவற்றையும் இருக்கைகளின் மேல் விரித்தோம். டென்ட்டையும் நாலாக மடித்து அதற்கு மேல் போட்டோம். அதன் மேல் நாங்கள் உட்கார்ந்தோம். தேங்காய்களை ஸ்டெப்னி நடுவில் இருக்கும் குழிக்குள் வட்டமாக அடுக்கினாள் மதினி. ஆறு ஏறியது. மிச்சம் நாலு பாத்திரத்துக்குள். முறுக்கு டின்னைத் திறந்து, காலியாகிவிட்ட புளியோதரைத் தூக்கில் முறுக்கைக் கொட்டி, டின்னை அத்தையிடமே திருப்பிக் கொடுத்தாள். "டின்னு சீரு இல்லைம்மா, முறுக்குத்தான் சீரு." அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கடைசியாக வாழைத்தார். மதினியின் முழங்கால்களுக்கு நடுவே நட்டு, கொடிக்கயிற்றால் இருக்கையோடு கட்டினோம். அவள் முகம் தெரியவில்லை. காய்களுக்கு நடுவிலிருந்து குரல் மட்டும் வந்தது. "ரோடு தெரியலை. நீ பாத்துக்க."

டென்ட் மேல் உட்கார்ந்ததில் நான் நாலு விரல் உயர்ந்திருந்தேன். முன்கண்ணாடிக்கு மேலே என் தலை. வண்டு, பூச்சி, காற்று எல்லாம் நேராக முகத்தில். டீக்கடையில் நிறுத்தினால் தார் என்ன விலை என்று கேட்டார்கள். ஒரு பைக்காரர், "மாப்ளை வீட்டு ஊர்வலமா?" என்றார். நடுவே தூறல் போட்டது. கூரையை இழுக்க முடியாது, கூரை இருக்க வேண்டிய இடத்தில் தார் இருந்தது. ஒரு புளியமரத்தடியில் கால்மணி நேரம் நின்றோம். நனைந்த வாழை வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்து வந்தது. உண்மையைச் சொன்னால், அந்த வண்டியில் அதைவிடச் சந்தோஷமாக நான் ஒருபோதும் உட்கார்ந்ததில்லை.

கோச்சடைப் பக்கம் ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னலிலிருந்து ஒரு கை மஞ்சள் பையை வேகமாக ஆட்டியது. வண்டியைப் பார்த்து ஆசைப்பட்ட யாரோ என்று நினைத்து நானும் உற்சாகமாகக் கையாட்டினேன்.

"யாருக்குடி கையாட்டுற?" என்றது வாழைத்தார்.

"ரசிகர் மதினி."

வீட்டு வாசலில் அப்பா அட்டையோடு நின்றார். தாரைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது. அவரே கயிற்றை அவிழ்த்து, தாரைத் தோளில் வாங்கி நடையில் நிறுத்தினார். பிறகு ஒவ்வொன்றாக இறக்கினார். கடையில் சரக்கு இறக்குகிற அதே நிதானம். இருக்கையின் மேலிருந்த டென்ட்டைப் பார்த்து, "மெத்தை போட்ருக்கீகளாக்கும்" என்று சொல்லி, அதையும் அதற்கு அடியில் இருந்ததையும் இறக்காமலே குறி போட்டார். ஸ்டெப்னிக் குழிக்குள் தேங்காயைப் பார்த்ததும் அட்டையைக் கக்கத்தில் இடுக்கினார். குனிந்து ஒரு காயை எடுத்து, அது இருந்த பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது யாரு யோசனை?"

"மதினி."

"ம்."

அட்டையில் குறி போட்டுக்கொண்டே வந்தார். பதினாறு. பேனா நின்றது.

"ஆணிப் பை?"

நான் டிக்கியைப் பார்த்தேன். இருக்கைக்கு அடியில் பார்த்தேன். பாத்திரத்தைக் கவிழ்த்தேன். மதினி கால் பக்கம் தடவினாள். டென்ட்டை அவிழ்த்தபோது ஆணிகளைப் பிடுங்கித் தென்னைமரத்தடியில் வைத்தது நினைவுக்கு வந்தது. என் கையாலேயே வைத்தது. இரும்பு ஆணி எட்டு, ஒரு சின்னப் பை.

"விட்டுட்டு வந்துட்டேன்ப்பா."

அப்பா பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். அட்டையை மடக்கினார்.

அப்போதுதான் சந்து முனையில் மதினியின் அப்பா வேர்க்க விறுவிறுக்க வந்துகொண்டிருந்தார். கையில் மஞ்சள் பை.

"எம்புட்டுத் தரம் கையாட்டுறேன், நீயும் பதிலுக்குக் கையாட்டிட்டுப் போறியே தாயி! நிப்பாட்டுவேன்னு பாத்தா சிரிச்சுக்கிட்டே போறே!" பையைக் கவிழ்த்தார். ஒரு கட்டு வெற்றிலை விழுந்தது. அதற்குப் பின்னால் ஆணிப் பை.

பஸ்ஸில் வந்திருக்கிறது. வேற வண்டி. சந்தேகத்துக்கே இடமில்லை.

மதினிக்கு அடக்க முடியவில்லை. பந்தயத்தைத் தன் அப்பாவிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அவர் முகம் வாடியது. "நான் கொண்டாந்தது தப்பாப் போச்சா சம்பந்தி? புள்ளைக தேடுமேன்னு ஓடியாந்தேன்."

நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். "நீங்க கொண்டு வரலேன்னாலும் ஒண்ணு குறைஞ்சதுதான் மாமா. தோத்தது நான்."

அப்பா குனிந்து வெற்றிலைக் கட்டை எடுத்தார். ஆணிப் பையையும் எடுத்தார். இரண்டையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்தார்.

"சம்பந்தி கையில வர்றது சீரு. அதை லோடுல எழுதுற பழக்கம் நமக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு அட்டையைப் பிரித்து, பதினேழாவதுக்கும் குறி போட்டார். பிறகு என்னைப் பார்க்காமலே, "கண்ணாடி மாத்தி, லோடு வண்டியைக் கடைப் பக்கத்துச் சந்துல நிப்பாட்டச் சொல்றேன்" என்றார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "மொதல்ல சம்பந்திக்குக் காப்பி கொடு" என்று தடுத்துவிட்டார்.

சாப்பிட்டு முடிந்ததும் மாமாவை ஆரப்பாளையத்தில் பஸ் ஏற்றிவிடச் சொன்னார் அப்பா. "வண்டி நிக்குதுல்ல, ரெண்டு பேரு ஏறலாம்ல?"

இருக்கையில் விரித்த டென்ட்டை இன்னும் எடுக்கவில்லை. மாமா அதன் மேலேயே ஏறி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, முன்கண்ணாடிக்கு மேலே தலை தெரிய உட்கார்ந்தார். அப்பா கதவைச் சாத்திவிட்டு அழுத்திப் பார்த்தார். சந்து திரும்புகிற வரைக்கும் மாமா காலியான மஞ்சள் பையை ஆட்டிக்கொண்டே வந்தார்.