பைப்படியில் வந்த பதில்

இதைப் படிக்கிற சகோதர சகோதரிகளே, நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபம் குறைந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். அது குறைகிற மாதிரி தெரியவில்லை.

என் சொந்த ஊர் திசையன்விளை. போன வருஷம் ஜூன் மாதம், நல்ல மழையில், மட்டாஞ்சேரிக்கு வந்தோம். என் கணவருக்கு இங்கே ஒரு சுக்கு கோடவுனில் மேஸ்திரி வேலை. காலையில் போனால் இருட்டித்தான் வருவார். எனக்கு மலையாளம் தெரியாது. சின்ன வயதிலிருந்தே கூச்ச சுபாவம் வேறு. நாற்பத்தாறு வயதில் யாரிடம் போய், "என்னோடு பழகுவீர்களா" என்று கேட்பது? பக்கத்து வீட்டு அக்கா மலையாளத்தில் ஏதாவது கேட்டால் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வேன். பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஜெபக்கூட்டத்துக்குப் போவோம். முப்பது பேர்கூட இருக்காது. கைகுலுக்கி ஸ்தோத்திரம் சொல்வார்கள். அவ்வளவுதான். என் பெயரைக்கூட யாரும் கேட்டதில்லை.

இங்கே வந்த எட்டாவது மாதம் ஒரு ஜெபக்குறிப்பு சீட்டு எழுதினேன். "இந்த ஊரில் பேச எனக்கு ஒருவரும் இல்லை. செத்துவிடலாம் போல இருக்கிறது." அதை எல்லாரும் பார்க்க ஊழியக்காரர் கையிலேயே கொடுத்தேன். அவர் சத்தமாக வாசித்தார். "ஒரு சகோதரியின் தனிமைக்காக ஜெபிப்போம்!" எல்லாரும் கண்ணை மூடி, கண்ணீர் விட்டு ஜெபித்தார்கள். பக்கத்தில் இருந்த அம்மா விம்மி விம்மி அழுதார். ஆமென் சொன்னார்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். ஒரே ஒரு ஆள்கூட என் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் நின்றபடியே ஜெபித்தேன். முழங்கால் போடவில்லை. "ஆண்டவரே, நீரும் அவர்களை மாதிரிதானா? இன்று சாயங்காலத்துக்குள் ஒரு ஆள் என்னோடு பேச வேண்டும். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை ரயிலேறி ஊருக்குப் போய்விடுவேன். இனி இவரோடு குடும்பம் நடத்த வரமாட்டேன்." அப்படியே சொன்னேன். துணியெல்லாம் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.

நாலு மணிக்குப் பொதுக் குழாயில் தண்ணீர் வரும். முதலிலேயே போய் வாளியை வரிசையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். திரும்பப் போனால் என் வாளி கடைசியில் கிடந்தது. அவ்வளவுதான், எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, கத்திவிட்டேன்.

"நான் மனுஷி இல்லையா? பேரைக் கேக்க மாட்டீங்க, வாளியை மட்டும் தள்ளி வைப்பீங்களோ!"

பக்கத்து வீட்டு ரஹ்மத்து அக்கா வாயைப் பிளந்தார். "ரப்பே! நீ தமிழா? நான் ஏதோ ஹிந்திக்காரின்னு நெனச்சேன். எட்டு மாசமா வாய்ல என்னடி வச்சிருந்தே?"

அவர் தமிழ் பேசினார்! எங்கள் ஊர்த் தமிழ் இல்லை, மலையாளம் கலந்த தமிழ். அவர் வீட்டில் தலைமுறையாக அதுதான் பேச்சாம். எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் விடவில்லை. "என் வாளியை யாரு நகர்த்தினது?"

"நான்தான். வாளிய வச்சா ஆளும் நிக்கணும், அதாக்கும் இங்கத்த வழக்கம். நாளைக்கும் நகர்த்துவேன். இப்ப வா, சாயா குடிச்சிட்டு பாக்கிச் சண்டையப் போடலாம்."

அன்று மூன்று சாயா குடித்தேன். ராத்திரி பையைப் பிரித்துத் துணியெல்லாம் கொடியில் போட்டேன்.

ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். ஆனால் சபையிலிருந்து ஆள் அனுப்பவில்லை, பைப்படியிலிருந்து அனுப்பினார். அதற்கு ஸ்தோத்திரம். சபைமேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. என்மேலும் இருக்கிறது. எட்டு மாதம் கதவைச் சாத்தினது நான்தானே.

அடுத்த ஞாயிறு இன்னொரு சீட்டு கொடுத்தேன். "ஜெபம் கேட்கப்பட்டது. இன்றைக்குக் கண்ணை மூடாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் பெயரைக் கேளுங்கள்." ஊழியக்காரர் வாசித்துவிட்டு விழித்தார். அன்றைக்கு விம்மி அழுத அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"உங்க பேரு என்னம்மா?"

"செல்வராணி" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

உங்களுக்கும் கோபம் இருந்தால் அதை ஆண்டவரிடம் அப்படியே கொட்டுங்கள். அவர் தாங்குவார். ஆனால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கொட்டுங்கள்.