முனியப்பன் மூச்சுக்கு எந்த வயது?

எண்பதுகளின் நடுவில், தருமபுரியில் நான் டெக்னீசியனாக இருந்த மருத்துவமனைக்கு ஸ்பைரோமீட்டர் வந்தது. மூச்சை முழுக்க இழுத்துக் குழாயில் ஊதினால், எவ்வளவு காற்று வந்தது என்று கிராஃப் போடும். உயரமும் வயதும் பார்த்து, பெட்டியோடு வந்த சார்ட்டில் உள்ள அளவோடு அதை ஒப்பிட வேண்டும். எண்பது சதவீதத்துக்குக் கீழே போனால் குறைபாடு. எங்களிடம் ஊதியவர்களில் முக்கால்வாசிப் பேர் கீழேதான் போனார்கள். ஊரே சீக்காளி என்று நானும் நம்பிவிட்டேன்.

ஒரு நாள் சித்தேரி மலைக்குப் பஸ் ஓட்டும் முனியப்பன் வந்தார். அவர் இருமலைப் பார்த்த டிப்போக்காரர்கள், இந்தச் சோதனையில் தேறினால்தான் ஸ்டியரிங்கைத் தொடலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"ஊதுங்க, ஊதுங்க, வுடாதீங்க!" என்று நான் கத்திய கத்தலில், வெளியே வரிசையில் நின்றவர்களும் சேர்ந்து ஊதினார்கள். என்ன ஊதியும் எழுபத்தெட்டுதான்.

"ரெண்டு மார்க்குதானே மேடம், போட்டு வுடுங்க."

"மார்க் இல்லீங்க. அம்பத்து மூணு வயசுக்கு இவ்ளோ வேணும்னு சார்ட்ல இருக்குது. வயசு கூடுனாத்தான் அந்த அளவு கொறையும்."

அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அப்போ அம்பத்தொம்பதுன்னு போடுங்க. அதான் நெச வயசு. பள்ளிக்கூடத்துல சேர்க்கையில வாத்தியார் கொறச்சுப் போட்டுட்டாரு. என் தம்பியே போன மாசம் ரிட்டயர் ஆயிட்டான்."

போட்டுப் பார்த்தேன். எண்பத்தொன்று, பாஸ்! ஆனால் ஐம்பத்தெட்டிலேயே ரிட்டயர்மென்ட் ஆயிற்றே. நிஜ வயதைப் போட்டால் நுரையீரல் தேறும், வேலை போய்விடும். சர்ட்டிபிகேட் வயதைப் போட்டால் நுரையீரலே தேறாது.

"ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது மேடம். வண்டிய வுட்டா வூட்ல அடுப்பு எரியாது" என்றார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. டாக்டரைக் கூப்பிட்டேன்.

"எந்த வயசு சார் எழுதறது?"

டாக்டர் வாய்க்குழாயை மாற்றச் சொல்லித் தானே ஊதினார். தினமும் ஷட்டில் ஆடுகிறவர், சிகரெட்டைத் தொடாதவர். அவருக்கு எழுபத்தாறு.

"அப்போ எனக்கும் ஒரு பெட் போடுங்க ஜமீலாம்மா! இது வெள்ளக்காரங்கள ஊத வச்சுப் போட்ட சார்ட்டு" என்றார். தன் புத்தகம் ஒன்றிலிருந்து, தென்னிந்தியர்களை வைத்துக் கணக்கிட்ட அட்டவணையைத் தேடி எடுத்தார். அதில் ஐம்பத்து மூன்று வயதுக்கே முனியப்பன் தொண்ணூற்று நாலு!

இருமலுக்கு மருந்தும், ஓட்டலாம் என்று சர்ட்டிபிகேட்டும் எழுதிக் கொடுத்தார் டாக்டர். முனியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு, "இவ்ளோ மிச்சம் இருக்குதுங்களே, இன்னும் அஞ்சு வயசு கொறச்சாலும் தேறும் போலிருக்குதே?" என்றார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். சதவீதத்தைப் படிக்கும் முன், அது யாருடைய மூச்சோடு ஒப்பிட்ட சதவீதம் என்று பாருங்கள். நோயாளியின் வயதைக் கேட்கும்போது, அப்படியே தம்பியின் வயதையும் கேட்டுவிடுங்கள்.