எட்டுக் கிலோவுக்குள் ஒரு கால்

பஞ்சர் கடைக்காரருக்கு ஐம்பத்தாறு வயது. முப்பது ஆண்டுகளாக ஊரார் சக்கரங்களின் ஓட்டையை அடைத்து வருபவர். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. அன்று முதல் செயற்கைக் கால். அதைக் கழற்றி மாட்டுவதை டயர் மாற்றும் பாவனையில்தான் பேசுவார். பரிதாபப்பட ஒருவருக்கும் இடம் கொடுத்ததில்லை.

வேலைக்குப் போகத் தொடங்கிய மகள், பெற்றோரை நான்கு நாள் ஒரு தீவுக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்திருந்தாள். சிறிய விமானம், ஆளுக்கு எட்டுக் கிலோ, அதற்கு மேல் ஒரு கைக்குட்டைகூட ஏறாது. அப்பாவின் பையில் அவளே முதல் பொருளாக ஒரு மடக்கு நாற்காலியை வைத்தாள்.

“அப்பா, நீங்க கரையில நிம்மதியா உக்காருங்க. நானும் அம்மாவும் குளிச்சிட்டு வந்துடறோம்.”

அவர் நாற்காலியைப் பார்த்தார். முன்பு ஒரு முறை கடற்கரைக்குப் போனபோதும் இதே கதைதான். உப்பு நீர் பட்டால் காலின் உலோக மூட்டு கெட்டுவிடும் என்று, இரண்டு ஜோடிச் செருப்புக்கும் ஒரு கைப்பைக்கும் காவல் இருந்தார். அலை அவர் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. இம்முறை மனைவியோடு இடுப்பளவு நீரில் நின்றே தீருவது என்று மனத்துக்குள் முடிவு கட்டினார்.

பரணில் அவருடைய பழைய கால் கிடந்தது. உலோகமே இல்லாத பிளாஸ்டிக் கால். உள்ளே வெறும் கூடு. இரண்டு காலுறை சேர்த்து மாட்டிப் பார்த்தார்; இறுகப் பிடித்தது. மறுநாள் காலை அதைக் கடைக்கு எடுத்துப் போய், டியூப் சோதிக்கும் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். குதிகாலருகே குமிழிகள் கிளம்பின.

காற்றடிக்க வந்திருந்த லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார். “என்ன முதலாளி, காலுக்கே பஞ்சரா?”

“ஏழு வருஷமா ஷெட்ல கெடந்த வண்டிண்ணே. சும்மா இருக்குமா?”

உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் பசை தடவி, ஒட்டுப் போட்டார். மீண்டும் அமுக்கினார், ஒரு குமிழி. இன்னொரு ஒட்டு. மூன்றாம் முறை ஒன்றுமில்லை. பெருமையோடு கையை எடுத்தார். கால் விருட்டென்று மேலே வந்து கட்டை போல மிதந்தது. அமுக்க அமுக்க எழுந்தது.

“முதலாளி, இத மாட்டிக்கிட்டு எறங்கினா கால் மேல, தலை கீழ!” என்று டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கால் செய்து கொடுத்த டெக்னீஷியனைத் தொலைபேசியில் அழைத்தார்.

“ஐயோ சார், ஒட்டுப் போட யாரு சொன்னது? தண்ணிக்குப் போற காலுக்கு நாங்களே ஓட்டை போட்டுத்தான் குடுப்போம். தண்ணி உள்ள போகணும், வெளிய வரணும். போட்டோ அனுப்புங்க, எடத்தக் குறிச்சுத் தரேன்.”

கணுக்காலருகே ஒன்று, கெண்டைக்காலருகே ஒன்று என்று குறி வந்தது. டிரில்லைக் கையில் எடுத்தவர் சற்றே தயங்கினார். முப்பது ஆண்டுகளில் அந்தக் கை ஓட்டை அடைத்திருக்கிறதே தவிர, போட்டதில்லை.

“தொழிலுக்கே துரோகம் பண்றீங்க முதலாளி.”

“பேசாம காலப் பிடிங்கண்ணே.”

இரண்டு துளை. தொட்டியில் இட்டார். கால் தண்ணீர் குடித்து, மெல்ல அடியில் போய் அமர்ந்தது.

வீட்டில் பையை எடை போட்டபோது ஒன்பதே கால் கிலோ. மனைவி இடுப்பில் கை வைத்தாள். “ஏங்க, நாலு நாளுக்கு மூணு காலோட கெளம்பற ஆளு நீங்க ஒருத்தர்தான்.”

அவர் மடக்கு நாற்காலியை உருவி வெளியே வைத்தார். ஏழே முக்கால். அதைப் பார்த்த மனைவி தன் நீச்சல் உடையைச் சுருட்டிக் காலின் வாய்க்குள் திணித்தாள். “இவ்வளவு எடத்த யாராவது சும்மா விடுவாங்களா?”

மகள் உள்ளே வந்தாள். “அப்பா, நாற்காலிய ஏன் எடுத்தீங்க?”

“கடைக்கு வேணும். வர்றவங்க உக்காருவாங்க.”

“அப்ப நாங்க குளிக்கறப்போ செருப்ப யாரு பாத்துக்குவா?”

“தொலைஞ்சா தொலையட்டும்” என்று சொல்லி, பையின் ஜிப்பை ஒரே இழுப்பில் மூடினார்.