பாறைச் சூட்டில் வெடித்த பூட்ஸ்

1. திரும்பி வந்த மூட்டை

மூன்றாவதோடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் ஆம்பூரில் நாலு மெஷின் போட்டு, தங்கவயல் சுரங்கத்துக்கே பூட்ஸ் தைத்துக் கொடுத்தேன். எழுபதுகளில் அது லேசான ஆர்டர் இல்லை. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வருவதற்கு ரொம்ப காலம் முன்பே கரண்ட் கண்ட ஊர் அது.

முதல் லாட் பூட்ஸ் மூட்டையாகத் திரும்பி வந்தது. அத்தனையும் வெடிப்பு. தங்கவயலுக்கு ஓடினேன்.

"தோல் மட்டம்பா. ஆர்டர் கேன்சல்" என்றார் ஸ்டோர் ஆபீசர்.

அது போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். "ஒரு தடவ கீழ போய்ப் பாக்கறேன் சார்" என்றேன்.

பக்கத்தில் நின்ற ஏசுதாஸ் மேஸ்திரி சிரித்தார். குடியாத்தத்துக்காரர். அப்பா காலத்திலிருந்து சுரங்க வேலை. "இன்னாய்யா, கேஜ் லிப்ட்ல சுரங்கத்துக்குள்ள எறங்கினா வயிறு வாய்க்கு வந்துடும்."

"வரட்டும் மேஸ்திரி, திரும்ப முழுங்கிக்கிறேன்."

2. கீழே

ஒரு மைலுக்கு மேல் ஆழம். பாறை அடுப்பாகக் கொதித்தது. டிரில் மெஷினுக்கு விடும் தண்ணீர் கணுக்கால் வரை நின்றது. அதிலே நின்று பாறையைத் துளைத்துக்கொண்டே கிண்டலும் பாட்டும். அப்பேர்ப்பட்ட வேலைக்காரர்களை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் தூக்குச்சட்டியைச் சுடவைக்கப் பாறைமேல் வைத்தார்கள். பக்கத்திலேயே, காய்வதற்கு நனைந்த பூட்ஸ்! ஈரத் தோல் அந்தச் சூட்டில் வெடிக்காமல் என்ன செய்யும்?

"அங்க காய வெக்காதீங்க மேஸ்திரி."

"ஊறின பூட்ஸோட நீ நில்லு, பாக்கலாம்."

நின்றேன். அவர்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் கால் வெந்த கிழங்காகிவிட்டது. அவர் சொன்னதே நியாயம்.

ஊருக்கு வந்து, வெடிக்காமல் இருக்க மீன் எண்ணெய் ஜாஸ்தி ஊட்டிய தோலில் புது ஜோடி தைத்தேன். பக்கவாட்டில் ஓட்டை போட்டேன். உள்ளே வரும் தண்ணீர் நடக்க நடக்க வெளியே போய்விடும். காய வைக்கவே வேண்டாம்.

"ஓட்டை பூட்ஸை எவன்யா வாங்குவான்?" என்றார் ஆபீசர்.

மேஸ்திரி அதை மாட்டிக்கொண்டு ஒரு ஷிப்ட் இறங்கி ஏறினார். "கால்ல தண்ணி நிக்கல சார். இதையே வாங்குங்க."

ஆர்டர் பிழைத்தது. என் நாலு மெஷின் பன்னிரண்டானது.

3. கடைசி ஜோடி

எண்பதுகளில் பாறையில் தங்கம் கம்மியானது. புது ஆள் எடுக்கவில்லை. வருஷா வருஷம் ஆர்டர் சுருங்கி, ஒரு வருஷம் வரவே இல்லை. அதற்குள் நான் வேறு கம்பெனிகளைப் பிடித்துவிட்டேன்.

ரிட்டையரான மேஸ்திரி ஒரு நாள் கடைக்கு வந்து, பழைய பூட்ஸை மேஜைமேல் வைத்தார். "புது சோல் போட்டுக் குடுய்யா."

"இன்னும் எந்தச் சுரங்கத்துல எறங்கப் போறீங்க?"

"கரும்புக்குத் தண்ணி கட்டணும். அங்க தங்கமே தீந்துபோச்சி. உன் ஓட்டை இன்னும் வேலை செய்யுது!"

பொருள் விற்கிறவன் ஒரு நாளாவது வாங்குகிறவன் நிற்கிற இடத்தில் நிற்க வேண்டும். நான் நின்றேன், பிழைத்தேன். பன்னிரண்டு மெஷினுக்கு முதலாளியானாலும், மேஸ்திரியின் பூட்ஸை வேலையாட்களிடம் கொடுக்கவில்லை. நானே தரையில் உட்கார்ந்து சோல் போட்டேன்.